குவாண்டம் சாவி: உடையாத தேற்றமும் உடைந்த பெட்டியும்

குவாண்டம் சாவிப் பகிர்வு, அதாவது செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை ஒளித்துகள்கள் வழியாக இருவர் பகிர்ந்துகொள்ளும் முறை, பற்றி இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. 'யாராலும் உடைக்க முடியாத தகவல் தொடர்பு' என்கிறது ஒன்று. 'குவாண்டம் கருவியை ஊடுருவிவிட்டார்கள்' என்கிறது மற்றொன்று. இரண்டில் ஏதோ ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தோன்றும். உண்மையில் இரண்டுமே சரி. உடைக்க முடியாதது ஒரு கணிதத் தேற்றம். உடைந்தது அந்தத் தேற்றத்தை நம்பிச் செய்த பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் லேசரும் கண்ணாடி இழையும் ஒளியை உணரும் டிடெக்டரும் தேற்றத்தில் எழுதியபடி நடந்துகொள்வதில்லை. அப்படி நடக்காத கருவிகளை வைத்துக்கொண்டும் பாதுகாப்பான சாவியை எப்படி எடுக்கிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சாவி மட்டும்தான், செய்தி அல்ல

செய்தியின் நீளத்துக்குச் சமமான, முற்றிலும் எழுந்தமானமான (குலுக்கிப் போட்டதுபோல் ஒழுங்கேதும் இல்லாத) ஒரு சாவியை ஒரே ஒரு முறை பயன்படுத்திப் பூட்டினால், அதை எவ்வளவு பெரிய கணினியாலும் திறக்க முடியாது. 1949-இல் கிளாட் ஷானன் இதை நிறுவிவிட்டார். சிக்கல், அந்தச் சாவியை மறுமுனைக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதில்தான். குவாண்டம் முறை கைவைப்பது அந்த ஓர் இடத்தில் மட்டுமே. செய்தி வழக்கமான இணைய வழியிலேயே போகும்.

முதல் நெறிமுறை பிபி84. ஐபிஎம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட்டும் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராசாரும் 1984-இல் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் அதை முன்வைத்தார்கள். உலகப் பாடநூல்கள் அனுப்புபவரை ஆலிஸ் என்றும் பெறுபவரை பாப் என்றும் அழைக்கும். நாம் அமுதா, பாலு என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஓர் ஒற்றன்.

1. அமுதா ஒவ்வோர் ஒளித்துகளிலும், அதாவது ஃபோட்டானிலும், 0 அல்லது 1 என்ற ஒரு பிட்டை ஏற்றுகிறார். ஃபோட்டானின் அதிர்வுத் திசைதான் எழுத்து. நிமிர்ந்தும் கிடந்தும் இருப்பது ஒரு கோணம் (+). சாய்வாக இருப்பது இன்னொரு கோணம் (×). எந்தக் கோணம் என்பதை ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்குவதுபோல் தேர்கிறார்.

2. பாலுவும் தன் பங்குக்கு ஒரு கோணத்தைக் குலுக்கித் தேர்ந்து அளக்கிறார். கோணம் ஒத்துப்போனால் சரியான பிட் கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் பூவா தலையாதான்.

3. பிறகு இருவரும் கோணங்களை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒத்துப்போனவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுகிறார்கள். (பேசுவது பாலுதானா என்று உறுதிசெய்ய ஒரு சிறு தொடக்கச் சாவி முன்கூட்டியே வேண்டும். விளம்பரங்களில் இது வருவதில்லை.)

4. மிஞ்சியதில் ஒரு பகுதியை ஒப்பிட்டு எத்தனை சதவீதம் பிழை என்று பார்க்கிறார்கள்.

தனி ஃபோட்டானைப் படியெடுக்க முடியாது என்பது 1982-இல் நிறுவப்பட்ட இயற்பியல் விதி. எனவே ஒற்றன் வழிமறித்து அளந்து புதிதாக ஒன்றை அனுப்ப வேண்டும். பாதி முறை அவன் கோணம் தவறும். தவறிய முறைகளில் பாதி பாலுவிடம் பிழையாக வந்து விழும். எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டால் 25 சதவீதம் பிழை.

பிழைக்குச் சேதாரம்

ஒற்றனே இல்லாத நாளிலும் இழை முறுக்கியிருக்கும், டிடெக்டர் வெறும் வெப்பத்தால் தட்டும். ஆக, பிழை சுழியமாக இருக்கவே இருக்காது. 'இது கருவியின் பிழை, இது ஒற்றனின் பிழை' என்று பிரித்துப் பார்க்கும் வேலையில் யாரும் இறங்குவதில்லை. அத்தனையும் ஒற்றனின் கணக்கில் எழுதப்படுகிறது. அவ்வளவு பிழையை உண்டாக்கியவனுக்கு அதிகபட்சம் எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குச் சாவியைக் கணித வழியில் பிழிந்து சுருக்குகிறார்கள். நகைக் கடையில் சேதாரம் கழிப்பதைப் போன்றது இது.

இருமுறை கழிக்க வேண்டும். இருவர் பிட்களையும் ஒரேபோல் ஆக்க வெளியே பேசியது முதல் கழிவு. ஒற்றனுக்குத் தெரிந்திருக்கக்கூடியது இரண்டாம் கழிவு. பிழை 3 சதவீதமானால் 100 பிட்டில் 61 தேறும். 5 சதவீதமானால் 43. ஏறத்தாழ 11 சதவீதத்தில் ஒன்றும் தேறாது. பீட்டர் ஷோரும் ஜான் பிரெஸ்கிலும் 2000-இல் தந்த நிறுவலின் எல்லை அதுதான்.

கருவியின் குறையை ஒழிக்க வேண்டியதில்லை. அதற்கு ஒரு மேல்வரம்பு கட்டத் தெரிந்தால் போதும், மீதியைச் சேதாரத்தில் கழித்துக்கொள்ளலாம். வரம்பு கட்ட முடியாத குறைதான் ஆபத்தானது. இந்தத் துறையின் கடந்த 25 ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பிரித்துப் படித்துவிடலாம்.

தேற்றம் எதையெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறது

மேலே சொன்ன கணக்கு சில அனுமானங்களின் மேல் நிற்கிறது. அமுதாவின் கருவி ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டானை அனுப்புகிறது. கோணங்கள் பிசகில்லாமல் அமைகின்றன. அவர் பெட்டியிலிருந்து வேறெதுவும் கசிவதில்லை. பாலுவின் டிடெக்டர்கள் ஒன்றுக்கொன்று அச்சாக, தனி ஃபோட்டானுக்கு மட்டும் தட்டுகின்றன. இவற்றில் ஒன்றுகூட முழுமையாக உண்மையல்ல.

முதல் சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது. 1989-இல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பென்னட்டும் பிராசாரும் குழுவினரும் சுமார் 32 சென்டிமீட்டர் தூரத்துக்குக் காற்றில் சாவி அனுப்பினார்கள். கோணத்தைத் திருப்பும் பாகத்துக்கு உயர்மின்னழுத்தம் தேவை. அதைக் கொடுத்த மின்வழங்கி, கோணத்துக்குக் கோணம் வேறுவேறு ஒலி எழுப்பியது. காது கேட்காத ஒற்றனுக்கு எதிராகத்தான் எங்கள் கருவி முழுப் பாதுகாப்பானது என்று பிராசார் பின்னாளில் வேடிக்கையாக எழுதினார்.

ஒன்று என்று சொல்லி இரண்டு

தனி ஃபோட்டானை வேண்டியபோது வெளியிடும் மூலம் செய்வது கடினம். நடைமுறையில் சாதாரண லேசர் துடிப்பை மிக மங்கலாக்கி அனுப்புகிறார்கள். மங்கலாக்கினால் எண்ணிக்கை குறையும். ஒன்று என்று உறுதியாகாது. துடிப்புக்குச் சராசரி 0.1 ஃபோட்டான் என்று வைத்தால், 90.5 சதவீதத் துடிப்புகள் வெறுமை. சுமார் 9 சதவீதத்தில் ஒன்று. சுமார் 0.47 சதவீதத்தில் இரண்டோ அதற்கு மேலோ.

அந்த அரை சதவீதம் ஒற்றனுக்குப் போதும். இரண்டு ஃபோட்டான் வந்தால் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுவான். கோணம் அறிவிக்கப்பட்டபின் தன் பங்கை அளப்பான். எந்தப் பிழையும் உண்டாகாது. 'ஃபோட்டான் எண்ணிக்கைப் பிளவுத் தாக்குதல்' என்பது இதுதான்.

தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் கொடுமை புரியும். நல்ல கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு. 100 கிலோமீட்டரில் 20 டெசிபெல், அதாவது நூற்றில் ஒரு ஃபோட்டான்தான் தப்பிப் போகும். சராசரி 0.1 என்றால், ஆயிரம் துடிப்புக்கு ஒன்றைத்தான் பாலு எதிர்பார்க்கிறார். இரட்டைத் துடிப்புகளோ ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஐந்து. ஒற்றன் ஒற்றை ஃபோட்டான்களை எல்லாம் விழுங்கிவிட்டு, இரட்டையில் ஒன்றை மட்டும் இழப்பில்லாத வழியில் அனுப்பினாலே பாலுவின் எதிர்பார்ப்பு நிறைந்துவிடும். பிழை சுழியம், எண்ணிக்கை சரி, சாவி முழுக்க ஒற்றனிடம்.

ஜிஎல்எல்பி: குறைகளுக்கான வரவு செலவு

2004-இல் டேனியல் காட்டெஸ்மன், ஹோய்-க்வோங் லோ, நோர்பர்ட் லுட்கென்ஹவுஸ், ஜான் பிரெஸ்கில் நால்வரும் குறையுள்ள கருவிகளுக்கான பாதுகாப்பு நிறுவலை வெளியிட்டார்கள். அவர்கள் பெயரின் முதலெழுத்துகளால் அது ஜிஎல்எல்பி என்றே வழங்குகிறது. அவர்கள் செய்தது எளிமையானது: பிட்களை 'குறியிட்டவை', 'குறியிடாதவை' என்று மனத்தளவில் பிரி. குறியிட்டவை ஒற்றனுக்கு முழுதும் தெரிந்தவை என்று ஒப்புக்கொள். எந்தப் பிட் எந்த வகை என்று உனக்குத் தெரிய வேண்டாம். எத்தனை என்று தெரிந்தால் போதும்.

ஒரு கணக்காகப் பார்க்கலாம். கோணம் ஒத்த 1,000 பிட்கள், அவற்றில் அதிகபட்சம் 200 குறியிட்டவை, மொத்தம் 24 பிழைகள் என்று கொள்வோம்.

1. குறியிட்ட 200-ஐ முதலிலேயே எழுதித் தள்ள வேண்டும். மீதி 800.

2. மோசமான நிலையில் 24 பிழையும் இந்த 800-க்குள்தான் விழுந்திருக்கும். அப்படியானால் பிழை 2.4 அல்ல, 3 சதவீதம். அதற்கான கழிவு 155 பிட்.

3. பிழை திருத்தப் பேசியது 1,000 பிட்டுக்கும் 2.4 சதவீதப் பிழைக்கு. அதற்குக் குறைந்தது 163 பிட்.

தேறுவது ஏறத்தாழ 480. பாதிக்கு மேல் சேதாரம் போய்விட்டது. ஆனாலும் மிஞ்சியது சுத்தத் தங்கம்.

இந்த 200 என்ற எண் எங்கிருந்து வந்தது? அங்கேதான் இடறியது. பாலுவை அடைந்தவற்றில் எத்தனை இரட்டைத் துடிப்பிலிருந்து வந்தவை என்று அளக்க வழியில்லை. எனவே அமுதா அனுப்பிய எல்லா இரட்டைகளும் போய்ச் சேர்ந்ததாகவே வைக்க வேண்டும். அப்படி வைத்தால் லேசரை இன்னும் இன்னும் மங்கலாக்க நேர்ந்து, தூரம் கூடும்போது சாவி வேகம் இருமடங்கு விரைவில் சரிந்துவிடும். பாதுகாப்பு கிடைத்தது, பயன் இல்லை.

பொய்த் துடிப்பு என்னும் பொறி

2003-இல் வோன்-யங் ஹ்வாங் ஒரு வழி சொன்னார். 2005-இல் லோவின் குழுவும், தனியாக ஷியாங்-பின் வாங்கும் அதை முழுமையாக்கினார்கள். அமுதா சில துடிப்புகளைச் சராசரி 0.5 என்றும் சிலவற்றை 0.1 என்றும் கலந்து அனுப்புகிறார். பின்னவை பொய்த் துடிப்புகள். எது எது என்று பின்னர்தான் அறிவிப்பார். கையில் இரண்டு ஃபோட்டான் வந்து விழும் ஒற்றனுக்கு அது எந்த வகைத் துடிப்பு என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

நேர்மையான இழையில் இரு வகைகளும் 5-க்கு 1 என்ற விகிதத்தில் வந்துசேர வேண்டும். ஒற்றைகளை விழுங்கி இரட்டைகளை மட்டும் ஒற்றன் விட்டால் விகிதம் 19-க்கு 1 என்று எகிறிவிடும், ஏனென்றால் மங்கலான துடிப்பில் இரட்டை அவ்வளவு அரிது. விகிதங்களைப் பார்த்தே, வந்ததில் ஒற்றை ஃபோட்டான்கள் குறைந்தது எத்தனை என்று கணக்கிட்டுவிடலாம். லேசரை மாற்றவில்லை, டிடெக்டரை மாற்றவில்லை. 2007-இல் கேனரித் தீவுகளில் லா பால்மாவிலிருந்து தெனெரிஃபே வரை 144 கிலோமீட்டர் திறந்தவெளியில் இந்த முறை ஓடியது. 2016-இல் ஏவப்பட்ட சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் தரைக்குச் சாவி அனுப்பியதும் பொய்த் துடிப்புகளோடுதான்.

என் மதிப்பீட்டில் இத்துறையின் மிக அழகான சிக்கனம் இதுதான். அளக்க முடியாமல் இருந்த ஒன்றை அளக்கக்கூடியதாக மாற்றியது; ஜிஎல்எல்பி கேட்ட எண் கிடைத்தது.

டிடெக்டர்: வரம்பு கட்ட முடியாத குறை

மூலத்தின் கதை இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்க, அடி மறுபக்கத்தில் விழுந்தது. 2010-இல் நார்வேயின் டிரான்ட்ஹைம், ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் கடையில் விற்கும் இரு கருவிகளை, ஐடி குவாண்டிக், மேஜிக்யூ நிறுவனங்களுடையவற்றை, எடுத்து அவற்றின் டிடெக்டர்களை வெறும் பிரகாசமான லேசரால் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டினார்கள்.

இந்த டிடெக்டர் ஒரு குறைக்கடத்தி டயோடு. அதன் தாங்குதிறனுக்கு மேலான மின்னழுத்தத்தில் வைத்திருப்பார்கள். ஒரு ஃபோட்டான் விழுந்தால் பனிச்சரிவுபோல் மின்னோட்டம் பெருகி, 'தட்டு' என்று பதிவாகும். அதன்மேல் தொடர்ந்து பளீரென்று ஒளி விழுந்தால் மின்னோட்டம் ஓயாமல் ஓடி, மின்னழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். இப்போது அது தனி ஃபோட்டானை உணராத குருடு. குறிப்பிட்ட வலிமைக்கு மேலான துடிப்பு வந்தால் மட்டும் தட்டும் சாதாரண டயோடு.

இனி ஒற்றன் வேலை எளிது. வழிமறித்து ஏதோ ஒரு கோணத்தில் அளக்கிறான். கிடைத்த விடையை, அந்த வலிமையை மயிரிழை தாண்டும் பிரகாசத் துடிப்பாகப் பாலுவுக்கு அனுப்புகிறான். பாலுவின் கோணம் ஒற்றனுடையதோடு ஒத்தால் முழு ஒளியும் ஒரே டிடெக்டரில் விழுந்து தட்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒளி இரண்டாகப் பிரிந்து, இரண்டுமே வலிமை போதாமல் அமைதியாகிவிடும். ஒற்றன் தவறாக ஊகித்த இடங்களில் எல்லாம் பாலுவுக்கு 'ஒன்றும் வரவில்லை' என்றே பதிவாகும். 25 சதவீதப் பிழை மறைந்துவிட்டது. 2011-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் இழையில் முழு ஒட்டுக்கேட்பையும் நடத்தியே காட்டினார்கள்.

குவாண்டம் விதி எதுவும் இங்கே மீறப்படவில்லை. தேற்றத்தில் இருந்த டிடெக்டரும் மேசைமேல் இருந்த டிடெக்டரும் வேறுவேறு பொருள்கள், அவ்வளவுதான். இதை ஏன் சேதாரத்தில் கழிக்க முடியாது? கழிக்க ஓர் எண் வேண்டும். எதிரி வெளியிலிருந்து ஒளி அனுப்பி இயல்பையே மாற்றக்கூடிய கருவிக்கு அப்படி எண் எதுவும் இல்லை. ஒட்டுப் போட்டும் பார்த்தார்கள்: டிடெக்டரின் திறனை இடையிடையே எழுந்தமானமாக மாற்றிக் குருட்டுத்தனத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு தடுப்பு விற்பனைக் கருவியில் வந்தது. 2016-இல் அதையும் கடந்து காட்டிவிட்டார்கள்.

டிடெக்டரை எதிரியிடமே கொடுத்துவிடு

2012-இல் லோ, மார்கோஸ் கர்ட்டி, பிங் கி மூவரும் வேறு பாதையில் போனார்கள். (அதே ஆண்டில் சாமுவேல் பிரான்ஸ்டைன், ஸ்டெபானோ பிராண்டோலா இருவரும் இணையான கருத்தை வெளியிட்டார்கள்.) 'அளவைக் கருவி சாராத' முறை, சுருக்கமாக எம்டிஐ. இதில் பாலுவும் பெறுவதில்லை, இருவருமே அனுப்புகிறார்கள். இரு துடிப்புகளும் நடுவில் ஒரு நிலையத்தில் மோதுகின்றன. அந்த நிலையம் சொல்லக்கூடியது 'உங்கள் இருவர் பிட்டும் ஒன்றுதான்' அல்லது 'வேறுவேறு' என்பது மட்டுமே. அது 0-வா 1-ஆ என்று அதற்கே தெரியாது. தன் பிட் தெரிந்த பாலு அதை வைத்து அமுதாவின் பிட்டைக் கண்டுகொள்வார்.

நடு நிலையத்தை ஒற்றனே நடத்தினாலும் கவலையில்லை. பொய் சொன்னால் பிழையாக வெளிப்படும், பிழைக்குச் சேதாரம் உண்டு. டிடெக்டர்மேல் இதுவரை வந்த தாக்குதல்களும் இனி வரப்போகிறவையும் ஒரே வீச்சில் பொருளற்றுப் போகின்றன.

விலையும் உண்டு. தொலைவில் இருக்கும் இரண்டு தனி லேசர்களின் துடிப்புகள் நேரத்திலும் நிறத்திலும் பிரித்தறிய முடியாதபடி ஒத்திருக்க வேண்டும். இரு பக்கத்திலிருந்தும் ஃபோட்டான் வந்தால்தான் கணக்கு, அதனால் வேகம் குறைவு. ஆனாலும் 2016-இல் 404 கிலோமீட்டர் இழையில் செய்தார்கள். இதன் உறவுமுறையான 'இரட்டைப் புலம்' முறையை 2018-இல் டோஷிபாவின் கேம்பிரிட்ஜ் குழு முன்வைத்தது. அதன்வழி 2023-இல் சீனக் குழு 1,002 கிலோமீட்டரை எட்டியது.

மிஞ்சியது அனுப்பும் பெட்டி

டிடெக்டர் தொல்லை தீர்ந்ததும் பார்வை மறுபடி மூலத்தின் பக்கம் திரும்பியது. நல்லவேளையாக, அங்கே உள்ள குறைகளில் பெரும்பாலானவை வரம்பு கட்டக்கூடியவை.

கோணப் பிசகு ஒன்று. ஒன்றிரண்டு பாகை தவறினாலும் பழைய நிறுவல்கள் தூரத்தில் சாவியைச் சுழியமாக்கிவிடும். இழையின் இழப்பை மறைப்பாக வைத்து ஒற்றன் சிறு பிசகைப் பெருக்கிக்கொள்வான் என்ற அச்சம். கியோஷி தமாகி குழு 2014-இல், பிசகின் அளவு தெரிந்திருந்தால் கோணம் ஒத்துப்போகாத பிட்களின் தரவையும் பயன்படுத்தி இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்று நிறுவியது. எல்லாரும் குப்பையில் போட்டுக்கொண்டிருந்த தரவு அது.

ட்ரோஜன் குதிரைத் தாக்குதல் இன்னொன்று. ஒற்றன் இழைவழியே அமுதாவின் பெட்டிக்குள் ஒளியைச் செலுத்தி, உள்ளே பட்டுத் தெறித்து வருவதிலிருந்து கோணத்தைப் படிப்பான். ஒருவழிப் பாகங்களும் வடிகட்டிகளும் வைத்துத் தெறிப்பை மங்கலாக்கலாம். எவ்வளவு மங்கலானால் போதும்? உள்ளே எவ்வளவு ஒளி வரும் என்று தெரிய வேண்டுமே! விடை சுவையானது: ஓர் அளவுக்கு மேல் ஒளி செலுத்தினால் கண்ணாடி இழையே எரிந்துபோகும். அந்த எரிநிலைதான் ஒற்றனின் மேல்வரம்பு. அதிலிருந்து பெட்டிக்குள் தேவையான மங்கலைக் கணக்கிட்டு, மீதிக் கசிவைச் சேதாரத்தில் சேர்க்கிறார்கள். இங்கும் ஒரு முள் உண்டு. வலிய லேசரால் பாகங்களைச் சேதப்படுத்தி, தொழிற்சாலையில் அளந்த அளவையே பொய்யாக்க முடியும் என்று வாடிம் மகரோவ் குழு ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறது.

வாங்குபவர் என்ன பார்க்கிறார்

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, தேசப் பாதுகாப்பு அமைப்புகளுக்குக் குவாண்டம் சாவிப் பகிர்வைப் பரிந்துரைக்கவில்லை. அது சொல்லும் காரணங்களில் ஒன்று, பாதுகாப்பு இயற்பியல் விதியைவிடக் கருவியின் கட்டமைப்பையே சார்ந்திருக்கிறது என்பது. 2024 ஜனவரியில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன் நாடுகளின் முகமைகள் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாடும், குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் கணிதப் பூட்டுகளுக்கே முன்னுரிமை என்றது. அந்தப் பூட்டுகளின் முதல் மூன்று தர வரையறைகள் 2024 ஆகஸ்டில் அமெரிக்காவில் வந்தன. மறுபக்கம், சாவிப் பகிர்வுக் கருவிகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரம் ஐஎஸ்ஓ/ஐஇசி 23837 வெளியானது 2023-இல்தான்.

இந்தியாவில் 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நகரங்களுக்கிடையே 2,000 கிலோமீட்டர் சாவிப் பகிர்வு அதன் இலக்குகளில் ஒன்று. தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில். 2,000 கிலோமீட்டர் என்ற எண்ணை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். சீனாவின் பெய்ஜிங்–ஷாங்காய்த் தடமும் ஏறத்தாழ அதே நீளம்தான். அதில் 32 இடைநிலையங்கள், ஒவ்வொன்றிலும் சாவி பூட்டில்லாமல் வெளிப்படும். அந்த அறைகளைக் காப்பது காவலர்களும் கதவுகளும்தான்.

பெட்டியையே நம்பாமல்

கடைசி எல்லை, எந்தக் கருவியையும் நம்பாத முறை. பிணைந்த இரு துகள்களை இரு பக்கமும் அளந்து, விடைகளுக்கிடையிலான பொருத்தம், முன்கூட்டியே எழுதிவைத்த விடைகளால் எட்டக்கூடிய உச்சமான பெல் எல்லையை மீறுகிறதா என்று பார்ப்பார்கள். மீறினால், பெட்டிக்குள் என்ன இருந்தாலும் அந்த விடைகள் வேறெவருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க முடியாது. பெட்டியைச் செய்தவனே எதிரியானாலும் சரி. 2022-இல் ஆக்ஸ்போர்டு குழு 2 மீட்டர் தூரத்தில் இரு அயனிகளுக்கிடையே இப்படி 95,628 பிட் சாவி எடுத்தது. அதே ஆண்டு மியூனிக்கில் 400 மீட்டர் இடைவெளியில் இருந்த இரு அணுக்களைக் கொண்டும் இதைச் சோதித்தார்கள்.

இந்த முறைக்கும் நிபந்தனைகள் உண்டு. அவற்றில் ஒன்று, விடைகள் பதிவான அறையிலிருந்து வேறெந்த வழியிலும் வெளியே கசியக் கூடாது என்பது. ஒளி, வானொலி அலை மட்டுமல்ல, 1989-இல் அந்த மின்வழங்கி எழுப்பிய ஒலியும் அந்தத் தடையில் அடங்கும்.